கண்ணாடியில் அழுத்திப் பிடிக்கும் சிலிகோன் ஹூட்: எந்தப் பிரதிபலிப்புக்கு உதவும், எதற்கு உதவாது

கண்ணாடி வழியாக அடிக்கடி படம் எடுப்பவர் என்றால் இந்தச் சிலிகோன் ஹூடைத் தயங்காமல் வாங்கலாம். ரயில் சன்னல், உயரமான கட்டடத்தின் கண்ணாடிச் சுவர், மீன் காட்சியகத்துத் தொட்டி, அருங்காட்சியகப் பெட்டி, இந்த மாதிரி இடங்களில் உங்கள் முகமும் சட்டையும் முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கும் படத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு வெறுப்பேற்றியிருந்தால், அதைத் தீர்க்க இதைவிட எளிய பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் படத்தில் வரும் எல்லாப் பிரதிபலிப்புகளையும் இது போக்கிவிடும் என்ற தொனியில் விற்கிறார்கள், அதுதான் தவறு. வெயிலுக்கு எதிரே எடுத்தால் பச்சைப் புள்ளி வருகிறது, இரவுப் படத்தில் தெருவிளக்கு தலைகீழாக மிதக்கிறது, படம் முழுக்க வெளிறிக் கிடக்கிறது என்று தவிக்கிறவர்கள் இதை வாங்கி ஏமாந்து, அப்புறம் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பொருள் மேல் குற்றமில்லை. நோய் வேறு, மருந்து வேறு.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்புச் சிலிகோனில் செய்த ஒரு பெரிய கூம்பு. சிறிய வாயை லென்ஸின் முன்பகுதியில் இழுத்து மாட்ட வேண்டும், பெரிய வாயைக் கண்ணாடியில் ஒட்டி அழுத்த வேண்டும், அவ்வளவுதான். திருகு கிடையாது, லென்ஸ் அளவுக்குத் தனித்தனி வளையம் கிடையாது, ரப்பர் மாதிரி இழுபடுவதால் 58 மி.மீ. விட்டமுள்ள லென்ஸிலும் உட்காரும், 77 மி.மீ. லென்ஸிலும் உட்காரும். மடித்துப் பைக்குள் திணித்தாலும் வெளியே எடுத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இதன் முக்கியமான நல்ல குணம் அந்த இளக்கம்தான். லென்ஸின் முன்னால் வெயில் மறைப்பாக மாட்டும் சாதாரணப் பிளாஸ்டிக் ஹூடைக் கண்ணாடியில் வைத்தால் நேராக மட்டுமே பார்க்க முடியும், கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். இது கூடவே வளைந்து கொடுக்கிறது. கீழே தெருவைப் பார்க்க வேண்டும், இடப்பக்கம் இருக்கிற கோபுரத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் கேமராவைத் திருப்பிக்கொள்ளலாம், வாய் கண்ணாடியை விட்டுப் பிரியாது.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் எங்கே வேலை செய்யாது என்பதும் தானாகப் புரிந்துவிடும். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. முன்னும் பின்னுமாக இரண்டு பரப்பு, ஆக மொத்தம் சுமார் 8 சதவீதம். பகலில் வெளியே வெயில் கொளுத்தும்போது இந்த 8 சதவீதம் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் வெளியிலிருந்து வருகிற ஒளி அதைப் பல மடங்கு மிஞ்சிவிடுகிறது. இரவில் கதை மாறிவிடும். வெளியே இருட்டு, அறைக்குள் பளிச்சென்று விளக்கு, அப்போது அறை வெளிச்சத்தின் 8 சதவீதமே வெளியே தெரிகிற நகரத்தைவிடப் பிரகாசமாகிவிடும். நம் கண் அதைத் தாண்டி தூரத்தைப் பார்த்துப் பழகிவிட்டதால் நமக்கு உறைப்பதில்லை, கேமரா அப்படியே பதிந்து வைக்கும். லென்ஸ் எந்தத் துண்டுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறதோ அந்தத் துண்டின் மேல் அறை வெளிச்சம் விழாமல் தடுத்துவிட்டால் திருப்பி அனுப்ப அதற்கு ஒன்றும் இல்லை. ஹூட் செய்வது இந்த ஒரே வேலைதான், அதைச் சுத்தமாகச் செய்கிறது.

எவ்வளவு சுத்தமாக என்றால், விளக்கெரியும் அறையிலிருந்து இரவு நேரத்துச் சாலையை எடுக்கும்போது ஹூட் இல்லாத படத்தில் கூரை விளக்கு, என் கையிலிருந்த கேமராவின் வெள்ளி நிற வளையம், அதன் மேல் எழுதியிருந்த எண்கள் எல்லாம் படிக்கிற அளவுக்குத் தெரிகின்றன. ஹூடை அழுத்தியதும் அதே சட்டகத்தில் அவை ஒன்றுமே இல்லை. குறைந்தது என்று சொல்லவில்லை, இல்லை என்றே சொல்கிறேன். ஓரத்தில் ஒரு விரல் அளவுக்கு இடைவெளி விட்டுப் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் வெளிறலாக ஒரு பட்டை ஏறுகிறது, மறுபடி அழுத்தினால் மறைகிறது. வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே இதைச் சரிசெய்ய முடிவது பெரிய நிம்மதி.

இன்னொரு லாபம், கண்ணாடி அழுக்கு. லென்ஸ் கண்ணாடிக்கு மிக அருகில் இருப்பதால் தூசியும் கைரேகையும் ஃபோகஸுக்கு வெகு வெளியே போய்க் கரைந்துவிடுகின்றன. அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை, எஃப்/2.8, எஃப்/4 என்று (எண் சிறிதானால் துளை பெரிது) திறந்து வைத்தால்தான் இது முழுசாக நடக்கும், எஃப்/16க்குச் சுருக்கினால் அழுக்கு மங்கலான திட்டுகளாகத் திரும்பி வரும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஃபோகஸுக்கு உதவ கேமராவின் முகப்பில் எரியும் அந்தச் சின்ன விளக்கையும் மெனுவுக்குள் போய் அணையுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடியில் தெரிகிற ஆரஞ்சுப் பொட்டு எங்கிருந்து வருகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

குறைகள் உண்டு. காட்சியை அகலமாகப் பிடிக்கும் வைட் ஆங்கிளில் மூலைகள் கறுத்துப் போகும். படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்கு உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. குவியத்தூர லென்ஸோடு நேராகப் பிடித்தால் சமாளிக்கலாம், சாய்த்தால் கூம்பின் உட்சுவர் சட்டகத்துக்குள் வந்து நிற்கும். 35க்கு மேல் பிரச்சினை இல்லை. ஜூம் செய்யும்போது முன்னே நீளுகிற லென்ஸாக இருந்தால் கண்ணாடியில் அழுத்த அழுத்த அது உள்ளே போகும், சட்டகம் கைக்கு அடங்காமல் மாறிக்கொண்டே இருக்கும், இது எனக்குச் சலிப்பான விஷயம், நீளாத லென்ஸ் இருந்தால் அதையே எடுத்துப்போங்கள். சின்ன லென்ஸில் மாட்டினால் சிலிகோன் ஜூம் வளையத்தையே மூடிவிடும், முன்னாலேயே சட்டகத்தை முடிவுசெய்துகொண்டு பிறகு மாட்டுவது ஒன்றுதான் வழி. ஓடுகிற ரயில், பேருந்து சன்னலில் அழுத்தினால் வண்டியின் அதிர்வு நேரே கேமராவுக்கு ஏறும். அங்கே ஷட்டரை 1/500 நொடியைவிட வேகமாக வையுங்கள், அல்லது கண்ணாடியை மெல்லத் தொடுகிற அளவுக்கு மட்டும் பிடியுங்கள். திறந்த வெளியில் வெயில் மறைப்பாக இதைப் பயன்படுத்தலாம் என்றும் அட்டையில் போட்டிருக்கிறது, அதை நான் ஒப்பமாட்டேன். இவ்வளவு அகன்ற வாய் பக்கவாட்டு வெயிலை மறைக்கவே மறைக்காது, காற்றடித்தால் மடங்கி லென்ஸ் முன்னாலேயே வந்து விழும்.

இரட்டைக் கண்ணாடிச் சன்னல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு தகடு, நடுவில் காற்றிடைவெளி, உயரமான கட்டடங்களில் இதுதான் அதிகம். அறைக்குள்ளிருந்து வரும் வெளிச்சத்தை ஹூட் இங்கேயும் முழுசாகத் தடுக்கும். ஆனால் வெளியே இருக்கிற பிரகாசமான விளக்கின் ஒளி இரண்டு தகடுகளுக்கு நடுவே போய்த் திரும்பி லென்ஸுக்குள் வருகிறது. தகடுகள் நூல் பிசகாமல் இணையாக இருப்பதில்லை, லேசாகப் புடைத்தோ குழிந்தோ இருக்கும், அதனால் அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே மங்கலான இரட்டை ஒன்று தெரியும். இதற்கு ஹூட் பொறுப்பல்ல. சன்னலில் வேறு இடத்துக்கு நகர்ந்து பார்த்தால் சில சமயம் குறையும், சில சமயம் குறையாது.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டிச் சுற்றும் போலரைசர் ஃபில்டர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. போதாது, காரணம் கோணம். போலரைசர் கண்ணாடிப் பிரதிபலிப்பை வெட்டுவது கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போது மட்டும்தான், செங்குத்திலிருந்து 56 டிகிரி அளவில் சாய்ந்து பார்த்தால் கிட்டத்தட்ட முழுக்கப் போகும், நேருக்கு நேர் நின்றால் வளையத்தை எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. தண்ணீருக்கு இது 53 டிகிரி. அதனால் குளத்தடியைக் காட்ட, ஈர இலையின் மினுக்கத்தைக் குறைக்க, கடை முகப்பைப் பக்கவாட்டில் நின்று எடுக்க அது அருமையான பொருள், அந்த வேலையை இந்தச் சிலிகோன் ஒருக்காலும் செய்யாது. உலோகத்தின் பளபளப்பு மட்டும் போலரைசருக்கும் அடங்காது. விலையாக ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தைத் தின்றுவிடும், இரவில் அது கட்டுப்படியாகாது. விமான சன்னலிலும் பதப்படுத்திய கார் கண்ணாடியிலும் போலரைசரை மாட்டினால் வானவில் நிறத்தில் திட்டுத் திட்டாக வரும், அந்தப் பொருளுக்குள் இருக்கும் இறுக்கம் அப்படித் தெரிகிறது. அங்கெல்லாம் அதைக் கழற்றிவிட்டு ஹூடை மட்டும் வையுங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஹூட் வாங்கி உயரமான மாடிக்குப் போய் இரவில் நகரத்தை எடுக்கிறார்கள், அறை விளக்கு போய்விட்டது, ஆனால் கறுத்த வானத்தில் பச்சையாகவோ ஊதாவாகவோ குட்டி விளக்குகள் வரிசையாக மிதக்கின்றன. ஹூட் சரியில்லை என்று எழுதப்படும் புகார்களில் பல இந்த வகைதான். அந்தப் படத்தைத் திரையில் திறந்து, மிதக்கும் ஒரு புள்ளியிலிருந்து படத்தின் நட்டநடு வழியாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் மறுமுனையில், அதே தூரத்தில், ஓர் உண்மையான விளக்கு நின்றால் குற்றவாளி பெரும்பாலும் சன்னல் அல்ல, லென்ஸின் முன்னால் நீங்கள் பாதுகாப்புக்காகத் திருகி வைத்திருக்கும் யுவி ஃபில்டர். பிரகாசமான விளக்கின் பிம்பம் சென்சார் மேல் விழுகிறது, சென்சாரின் பளபளப்பான பரப்பு அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அந்த ஒளி லென்ஸ் வழியாகவே பின்னோக்கி நடந்து தட்டையான ஃபில்டரில் பட்டு மறுபடி உள்ளே வந்து சென்சாரில் விழுகிறது. தட்டையான ஃபில்டர், தட்டையான சென்சார் என்பதால் திரும்பி வருவது பரவிப் போகாமல் ஓரளவு கூர்மையாகவே விழுகிறது, நடுப்புள்ளியைச் சுற்றித் தலைகீழாக. லென்ஸின் உள்ளே இருக்கும் வளைந்த கண்ணாடிகள் பொதுவாக இவ்வளவு துல்லியமான உருவத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. ஃபிலிம் காலத்து ஃபில்டரை டிஜிட்டல் கேமராவில் மாட்டியதும் இந்தத் தொல்லை கூடியதற்கும் இதுவே காரணம், ஃபிலிமைவிட சென்சார் அதிகமாகப் பளபளக்கிறது.

தீர்வுக்குக் காசு வேண்டாம். ஃபில்டரைக் கழற்றி இன்னொரு படம் எடுங்கள். விளக்குக் கூட்டம் பெரும்பாலும் காணாமல் போகும்.

ஃபில்டர் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், கடற்கரை, மணற்காற்று, தீப்பொறி பறக்கும் இடம் என்று போகிறவர்கள், பிரதிபலிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபில்டரைக் கையில் கிடைமட்டமாகப் பிடித்து, கறுப்புத் துணியை அடியில் விரித்து, கூரையிலிருக்கும் விளக்கின் பிம்பத்தை அதில் பாருங்கள். பூச்சில்லாத கண்ணாடியில் விளக்கு வெள்ளையாக, முகம் பார்க்கிற அளவுக்குத் தெளிவாகத் தெரியும். நல்ல பூச்சு இருந்தால் அதே விளக்கு மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ, தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு மெலிந்து தெரியும். கண்ணாடி கிட்டத்தட்ட இல்லாதது போல் இருக்கும். கேமராவோடு இலவசமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு ஃபில்டரை இப்படிப் பார்த்தபோது விளக்கு முழு வெள்ளையாக நின்றது, அதைப் பூச்சு உள்ளது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். எந்தக் கடை, எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, நீங்கள் உங்களுடையதைப் பாருங்கள்.

இந்தப் பூச்சு சும்மா விளம்பரச் சமாச்சாரம் இல்லை. 1935ல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா உருவாக்கிய மெல்லிய பூச்சு முறை இல்லையென்றால் இன்றைய ஜூம் லென்ஸே சாத்தியமில்லை. 15 கண்ணாடித் துண்டுகள் தனித்தனியாக உள்ள ஒரு லென்ஸில் 30 பரப்புகள், ஒவ்வொன்றும் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால் உள்ளே நுழைந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூட நேராக சென்சாருக்குப் போய்ச் சேராது, மிச்சத்தில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். பல அடுக்குப் பூச்சு ஒவ்வொரு பரப்பிலும் அதை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டுப் பூசப்பட்ட லென்ஸின் முன்னால் பூச்சில்லாத ஒரு தகட்டை மாட்டுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

வெயிலை எதிர்த்து எடுக்கும்போது வரிசையாக வருகிற பலகோணப் பொட்டுகள் வேறு ரகம். அவை லென்ஸுக்குள்ளேயே பிறப்பவை, அபர்ச்சர் துளையின் வடிவம் அதில் தெரியும். சூரியன் சட்டகத்துக்கு வெளியே இருந்தால் லென்ஸோடு வந்த இதழ் வடிவ ஹூட் போதும், அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியபடியே படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது நிறுத்திச் சொல்லலாமா என்று தோன்றும். ஹூட் இல்லையா, உள்ளங்கையை நீட்டி லென்ஸின் முன்கண்ணாடி மேல் நிழல் விழும்படி பிடியுங்கள், கை சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், ஒளி-நிழல் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) சட்டென்று ஏறுவது திரையிலேயே தெரியும். சூரியன் சட்டகத்துக்குள்ளேயே இருந்தால் எந்த ஹூடும் உதவாது, ஓரடி நகர்ந்து மரக்கிளைக்கோ கட்டட முனைக்கோ பின்னால் பாதி மறையும்படி வைத்து எடுங்கள். மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராவில் அபர்ச்சரைச் சுருக்கி சூரியனை நேரே எடுத்தால் அதைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிக் கட்டம் போல வரும், சென்சாரின் நுண்ணிய கட்டமைப்பு லென்ஸின் பின்கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால் வருவது. எஃப்/16ஐ விட்டு எஃப்/8க்கோ அதற்கும் கீழேயோ வந்தால் பெரும்பாலும் கண்ணில் படாது.

ஃபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்கிலிருந்து ஒரே திசையில் நீளமாக ஒளிக்கோடு இழுத்திருந்தால் அது விரல் எண்ணெய். சட்டையில் எந்தத் திசையில் துடைத்தீர்களோ அதற்குக் குறுக்காகக் கோடு விழும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் துடைத்தால் போய்விடும். கண்ணாடி வழியாக எடுக்க உங்களுக்கு இந்த ஹூடே தேவையில்லை, ஃபோனின் லென்ஸ் பகுதியை நேராகக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாலே வேலை முடிந்தது.

ஃபிளாஷ் போட்டதும் காற்றில் வட்ட வட்டமாகத் தெரிபவை தூசியும் நீர்த்துளியும், ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருபவை. ஃபிளாஷை அணையுங்கள் அல்லது தள்ளி வையுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவரின் முகத்தில் விளக்கு தெரிந்தால் விளக்கை உயர்த்துங்கள், அவரைத் தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள். எதற்கும் அடங்காமல் எந்தப் படத்திலும் மெல்லிய வெளிறல் இருந்துகொண்டே இருந்தால் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள், உள்ளே மூட்டமோ நூல் நூலாகப் பூஞ்சையோ தெரிந்தால் அது பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய கேஸ்.

மென்பொருளில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இப்போது பரவலாக இருக்கிறது. அடோபி கேமரா ராவில் சன்னல் பிரதிபலிப்பை நீக்கும் வசதியே வந்துவிட்டது, மெல்லிய பிரதிபலிப்பை நன்றாகவே எடுக்கிறது. ஆனால் அறை விளக்கு ஒரு கட்டடத்தின் முகப்பை முழுக்க மூடியிருந்தால், அந்த முகப்பில் என்ன இருந்தது என்று கேமராவில் பதியவே இல்லை, மென்பொருள் தானாக ஒன்றை ஊகித்து வரையத்தான் முடியும். எனக்கு அங்கே இருந்த கட்டடம்தான் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. உட்புறம் மினுமினுக்காமல் மங்கலான கறுப்பாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பளபளப்பான சிலிகோனாக இருந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி உட்சுவரில் பட்டு அதுவே புதிதாக ஒரு வெளிறலைக் கிளப்பும். அடுத்தது, சிறிய வாயின் இறுக்கம். லென்ஸில் மாட்டிக் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டினாலும் கழன்று விழக்கூடாது, அதே சமயம் ஃபோகஸ் வளையம் சுழல முடியாத அளவுக்கு நெரிக்கவும் கூடாது. சிலிகோன் தூசியையும் நூலையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், கண்ணாடியில் வைக்கும் முன் ஈரத்துணியால் வாய் விளிம்பை ஒரு தடவை துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூசி லென்ஸ் மேல் கொட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவலாம், நிழலில் உலர்த்தினால் போதும்.